பூதக்கண்ணாடி வைத்த சோதனை

அந்தக் கண்ணாடித் தொழிற்சாலையின் வாசலில் நின்று அவருடைய உண்மையான பெயரைச் சொல்லிக் கேட்டால் வாட்ச்மேனே உதட்டைப் பிதுக்குவார். பூதக்கண்ணாடி என்று கேட்டால் உடனே கை நீட்டி வழி காட்டுவார். மருந்து பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து வரும் பட்டையின் ஓரத்தில், பின்னால் வெள்ளை விளக்கு எரியும் பலகைக்கு எதிரே, ஒரு முக்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். கழுத்தில் மயிரிழை விரிசல், அடியில் காற்றுக் குமிழி, தோளில் ஒரு மணல் துணுக்கு, எது இருந்தாலும் அவர் கை போய் அந்தப் பாட்டிலின் தலையைப் பிடித்துத் தூக்கித் தொட்டியில் போட்டுவிடும். நல்ல பாட்டில் எப்படி இருக்கும் என்று அவரைக் கேட்டுவிடாதீர்கள், திருதிருவென்று விழிப்பார். நல்லது எதையும் அவர் பார்த்ததே இல்லை. அது பாட்டுக்கு அவரைத் தாண்டிப் போய்விடும்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சூப்பர்வைசர் எப்போதாவது, யாருக்கும் சொல்லாமல், விரிசல் விட்ட பாட்டில் ஒன்றின் அடியில் அடையாளத்துக்கு ஒரு கீறல் போட்டு வரிசைக்குள் நுழைத்துவிடுவார். பார்க்கிற ஆள் முழித்திருக்கிறானா, கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறானா என்று ஆழம் பார்க்கிற வேலை. சோதனை பாட்டில் என்று அதற்குப் பெயர். அதைத் தவறவிட்டவருக்கு டீ நேரத்தில் கிண்டல் தாங்காது. பூதக்கண்ணாடி ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. அதோடு சும்மா இருப்பாரா? எடுத்ததைச் சூப்பர்வைசர் மேசையில் ணங்கென்று வைத்து, இன்னும் கொஞ்சம் கஷ்டமானதாகப் போடுங்கள் சார் என்று சொல்லிவிட்டு வருவார்.

வீட்டிலும் அதே கண்தான். பால்காரர் முதல் பல் டாக்டர் வரை அவருடைய விசாரணைக்குத் தப்பியவர் கிடையாது. "கல்யாணத்தன்னைக்கு என்னையும் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்திருப்பார், கனமா இருந்ததால தப்பிச்சேன்" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். கடவுள் விஷயத்தில் அவர் சொல்வது இவ்வளவுதான்: காட்டு, பார்க்கிறேன். யாரும் காட்டவில்லை, அவரும் பார்க்கவில்லை. அத்துடன் அந்தக் கணக்கை முடித்துவிட்டிருந்தார்.

மறுபடியும் திறக்க வைத்தது அவருடைய தம்பி. மாடியில் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தான். வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற, பெயிண்ட் அடிக்கிற வேலை. கைராசிக்காரன், கைக்கு வந்ததையெல்லாம் குடித்தும் தீர்த்தான். குடித்த நாளில் என்ன செய்தோம் என்று மறுநாள் அவனுக்கு நினைவிருக்காது. பாட்டிலை எங்கெங்கோ ஒளித்துவைப்பான், பிறகு தேடுவான், கிடைத்தால் யார் வைத்தது என்று அவனே ஆச்சரியப்படுவான். ஒருமுறை குழந்தையைப் பள்ளிக்கூட வாசலில் மறந்து விட்டுவிட்டு வந்தான். அன்றைக்கே அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அப்படிப்பட்டவன் ஒரு பஸ் டிரைவர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனான். அந்த வீட்டுக் கூடத்தில் விடுமுறை நாள் சாயங்காலங்களில் பிரார்த்தனைக் கூட்டம் நடக்கும். சுவருக்கு அடித்த பெயிண்ட் காய்வதற்குள் தம்பி அந்தக் கூட்டத்தில் ஒருவனாகிவிட்டான். குடியையும் விட்டான். மழைக்காலம் போய் வெயில் வந்து மறுபடி மழையும் வந்துவிட்டது, அவன் தொடவில்லை. தெருவே மெச்சியது. பூதக்கண்ணாடிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. சும்மா ஒருவன் இன்னொருவனுக்கு நல்லது செய்வானா? அந்த டிரைவருக்கு இதில் என்ன லாபம்? தம்பியிடமிருந்து எதைக் கறக்கப் பார்க்கிறார்கள்? நேரில் போய்க் கையும் களவுமாகப் பிடிப்பது என்று கிளம்பிவிட்டார்.

போனவர் முதலில் காணிக்கைப் பெட்டியைத் தேடினார். காணோம். ஆணியில் டிரைவரின் சட்டை தொங்கியது, சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தையல்காரரும் அவர் மனைவியும், ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருத்தர், இன்னும் சிலர். பெட்டி இல்லாதது அவருடைய சந்தேகத்தை இரண்டு மடங்காக்கியது. எல்லோரும் கண்ணை மூடியபோது இவர் மட்டும் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாராவது ஓரக்கண்ணால் பார்க்கிறார்களா என்று பார்த்தாராம். பார்த்தது இவர் ஒருத்தர்தான்.

பிரார்த்தனை முடிந்ததும் பேச்சு. அந்த வாரம் எப்படிப் போயிற்று என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். இவர் முறை வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"என் தம்பி குடியை விட்டதுக்குக் கடவுள் காரணம்னு சொல்றீங்க. சரி. அத்தனை வருஷம் குடிச்சானே, அதுக்கு யார் காரணம்?"

டிரைவர் மழுப்பவில்லை. "தெரியலைங்க. நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். இன்னும் பதில் வரலை."

இது பூதக்கண்ணாடி எதிர்பார்க்காத பதில். பொய்க்காரனாக இருந்தால் ஏதாவது அளந்திருப்பான், அதில் ஓட்டை கண்டுபிடித்திருக்கலாம். தெரியாது என்பவனை எங்கே பிடிப்பது? இவன் கைதேர்ந்தவன் என்று முடிவு கட்டிக்கொண்டு நர்ஸம்மா பக்கம் திரும்பினார். ஆஸ்பத்திரியில் நீங்கள் பிரார்த்தனை செய்த நோயாளிகள் யாரும் சாகவில்லையா என்று கேட்டார். எத்தனையோ பேர் செத்துப்போனார்கள் என்றார் அந்தம்மா, ஒளிக்காமல். அப்புறம் எதற்குச் செய்தீர்கள்? மருந்து தீர்ந்துபோனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டுமே, சும்மா உட்கார முடியவில்லை, அதனால் செய்தேன் என்றார். அது ஆதாரமில்லையே என்றார் இவர். ஆதாரம் என்று நான் எங்கே சொன்னேன் என்று கேட்டுவிட்டு நர்ஸம்மா பிஸ்கட் தட்டை நீட்டினார். இவர் பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார்.

அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். நம்புகிறவர்களே மழை, தலைவலி என்று மட்டம் போட்டார்கள், நம்பாத இவர் ஒருநாள்கூட விடவில்லை. தையல்காரரோடு பெரிய வாக்குவாதமெல்லாம் நடந்தது. உலகத்தை ஒருவர் செய்திருந்தால் இவ்வளவு குறையோடு வெளியே விட்டிருப்பாரா, எங்கள் தொழிற்சாலையில் விடமாட்டார்களே என்று இவர் மடக்கினார். தையல்காரர் நாள் முழுக்க யோசித்து மறுவாரம் பதில் கொண்டுவந்தார், அதையும் இவர் மடக்கினார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. வாருங்கள் என்றே சொன்னார்கள். வரவேற்கிறார்களே, இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று வழியெல்லாம் மண்டையைக் குடைந்துகொண்டு வீட்டுக்கு வருவார். பக்கத்தில் தம்பி நடந்து வருவான்.

இந்தச் சமயத்தில்தான் தம்பி மனைவியிடமிருந்து போன் வந்தது. அவர் குடியை விட்டுவிட்டதாகச் சொல்கிறார், திரும்பி வரச் சொல்கிறார், முன்பும் பலமுறை இப்படிச் சொன்னவர்தான் என்றாள். குழந்தை அப்பாவைக் கேட்டு நச்சரிக்கிறது என்றாள். கடைசியாக அவள் சொன்னது நேரே இவருடைய உச்சியில் போய் உட்கார்ந்தது.

"மாமா, உங்க கண்ணுல எதுவும் தப்பாது. அவர் உண்மையாவே விட்டுட்டார்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கிளம்பி வர்றேன்."

கொஞ்ச நாள் பொறு, பார்த்துச் சொல்கிறேன் என்றார். போனை வைத்ததும் பயம் பிடித்துக்கொண்டது. தம்பிமேல் அவருக்குப் பாசம் இல்லாமலில்லை, உயிரையே வைத்திருந்தார். அதனால்தான் பயம். தாம் சொன்னதை நம்பி அவள் வந்து, இவன் மறுபடி குடித்து, குழந்தை மறுபடி எங்காவது வாசலில் நின்றால்? முகத்தைப் பார்த்தெல்லாம் எப்படிச் சான்று கொடுப்பது? முழித்திருக்கிறானா என்று தெரிந்துகொள்ள அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்.

வாழ்நாளில் மதுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர், மப்ளரால் முகத்தைச் சுற்றிக்கொண்டு போய் வரிசையில் நின்றார். தம்பி வழக்கமாகக் குடித்த சரக்கின் பெயரை வாய்க்குள்ளேயே சொன்னார். கடைக்காரன் காதில் விழாமல் உரக்கக் கேட்டான், இவரும் உரக்கச் சொல்லவேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து, பழக்கதோஷம், பாட்டிலின் அடியில் ஆணியால் ஒரு கீறலும் போட்டார். தம்பி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மாற்றுச் சாவியால் மாடி அறையைத் திறந்து, அலமாரியில் காலி பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தார். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

தம்பி வெளியே போனதும் போய்ப் பார்ப்பார். முதலில் பாட்டில் அப்படியே இருந்தது. பிறகும் இருந்தது. ஒருநாள் காணோம்.

காணோம் என்றதும் அவருக்கு வந்தது என்ன உணர்ச்சி என்று அவருக்கே பிடிபடவில்லை. நான் சொன்னேனா இல்லையா என்று ஒரு பக்கம் மனசு கொக்கரித்தது, இன்னொரு பக்கம் பள்ளிக்கூட வாசலில் நின்ற குழந்தை கண்முன் வந்தது. அன்று மாலை தம்பியின் பக்கத்தில் போய் நின்று மோந்து பார்த்தார். பெயிண்ட் வாசனைதான் வந்தது. ஆனால் அவன் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணி கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை, கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. இது போதாதா? திருட்டு முழி என்று தீர்ப்பெழுதிவிட்டார். விடுமுறை நாள் வரட்டும், அத்தனை பேர் முன்னாலும் போட்டு உடைக்கிறேன், உங்கள் கடவுள் செய்த அற்புதத்தின் லட்சணத்தைப் பாருங்கள் என்று கேட்கிறேன் என்று மனசுக்குள் பேச்சைத் தயார் செய்துகொண்டே இருந்தார்.

அந்தச் சாயங்காலமும் வந்தது. பிரார்த்தனை முடிந்தது. இவர் செருமுவதற்குள் தம்பி எழுந்து நின்றுவிட்டான். நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த கை நடுங்கியது.

"என் ரூம் அலமாரியில ஒரு பாட்டில் இருந்துச்சு. நான் குடிக்கலை. தொட்டியில ஊத்திட்டு, பாட்டிலை உடைச்சுக் குப்பை வண்டியில போட்டுட்டேன். ஆனா அதை நான்தான் வாங்கியிருக்கணும், வேற யார் அங்கே வர்றாங்க? எப்ப வாங்கினேன், எங்கே வாங்கினேன், ஒண்ணுமே ஞாபகம் இல்லை. போன வாரம் காய்ச்சல்ல படுத்திருந்தேனே, அப்ப எழுந்து போயிருப்பேன் போல. முன்னாடியும் இப்படித்தான் நடக்கும். என் கையை நானே நம்ப முடியலை. என்கிட்ட பாப்பாவை எப்படி விடறது?"

சொல்லிவிட்டுப் பையிலிருந்து போனை எடுத்தான். மனைவியை வரவேண்டாம் என்று சொல்லப்போகிறேன், நீங்களெல்லாம் இருக்கும்போதே சொன்னால்தான் தைரியம் வரும் என்றான். நர்ஸம்மா அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். யாரும் அவனைத் திட்டவில்லை.

பூதக்கண்ணாடிக்கு உட்கார்ந்த இடத்தில் வியர்த்துக்கொட்டியது. தம்பி தேறிவிட்டான். குடிக்கவே இல்லை. தேறியவனைத்தான் அவர் தொட்டியில் தூக்கிப் போட்டிருந்தார். தொழிற்சாலையில் பட்டையின் மேல் நகரும் பாட்டிலுக்கு நம்மைச் சோதிக்கிறார்கள் என்று தெரியாது, தெரிந்தாலும் அது அழப்போவதில்லை. மனிதன் விஷயத்தில் இது வேறு மாதிரி முடியும் என்று அவர் புத்திக்கு எட்டவே இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்றும் ஒரு நினைப்பு வந்தது. வந்ததே என்று அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. அதற்குள் தம்பி எண்களை அழுத்திவிட்டான்.

"டேய், வேணாம். அது நான் வெச்சது" என்றார்.

தம்பி அவரைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பார்த்தீங்களா? வாழ்க்கையில ஒரு பொய் சொன்னதில்லை எங்க அண்ணன். எனக்காக இப்பச் சொல்றார்."

தையல்காரரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இதுவரை இவரோடு மல்லுக்கு நின்ற தையல்காரர் எழுந்து வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். பூதக்கண்ணாடிக்கு முழி பிதுங்கியது. பொய்யில்லை என்று கத்தினார். மாற்றுச் சாவி தம்மிடம் இருக்கிறது என்றார். சரக்கின் பெயரைச் சொன்னார். நான் என்ன குடிப்பேன் என்று உங்களுக்குத் தெரியாதா என்றான் தம்பி. அடியில் கீறல் போட்டிருக்கிறேன் என்றார். அந்தப் பாட்டில் எப்போதோ குப்பை வண்டியில் போய்விட்டிருந்தது. ஊரில் எல்லோரிடமும் ஆதாரம் கேட்டவர், கையில் ஆதாரம் இல்லாமல், உண்மையைச் சொல்லிவிட்டு, நம்புங்கள் நம்புங்கள் என்று கெஞ்சிக்கொண்டு நின்றார். நம்புவதையே வழக்கமாகக் கொண்ட அத்தனை பேரில் ஒருவரும் இதை நம்பவில்லை.

தம்பியின் கையிலிருந்த போனில் ஹலோ ஹலோ என்று சத்தம் கேட்டது. பூதக்கண்ணாடி அதை வெடுக்கென்று பிடுங்கி, நடந்ததை மூச்சுவிடாமல் தம்பி மனைவியிடம் கொட்டினார். பிறகு அவள் பேசியது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"நீங்க செய்வீங்க மாமா. எனக்கு அதுல சந்தேகமே இல்லை. பார்த்துச் சொல்லுங்கன்னுதானே சொன்னேன்? வெச்சுப் பாருங்கன்னு சொன்னேனா? போனை அவர்கிட்ட குடுங்க."

தம்பி போனைக் காதில் வைத்துக்கொண்டான். ம் என்றான், ம் என்றான். அவள் என்ன சொன்னாளோ, கொஞ்சம் கொஞ்சமாக அவன் தலை நிமிர்ந்தது. தான் வாங்கவில்லை, தன் கை தன்னை ஏமாற்றவில்லை என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டான். அதற்குப் பிறகுதான் அண்ணனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பூதக்கண்ணாடி தாங்கிக்கொண்டிருப்பார்.

கோபப்பட்டது டிரைவர். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "உங்களை அடிக்கணும்போல இருக்கு எனக்கு. கடவுள் தடுப்பார்னு நம்பி இங்கேயே உட்கார்ந்திருக்க எனக்கு தைரியம் இல்லை" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். பூதக்கண்ணாடி பின்னாலேயே போனார். நீங்களும்தான் விசாரிக்காமல், தானே வாங்கினேன் என்று அவன் சொன்ன கதையை நம்பினீர்கள், அது மட்டும் சரியா என்று கேட்டார் பூதக்கண்ணாடி. அந்த நிலையிலும் வாதத்தை விடவில்லை பாருங்கள், விடாக்கண்டன்.

"கதையை நம்பினது தப்புதான்" என்றார் டிரைவர். "ஆனா அவர் நடுங்கினது நிஜம். நாங்க அதைப் பார்த்தோம். நீங்களும் வாரமெல்லாம் அதைத்தானே பார்த்திருப்பீங்க, அப்ப என்ன நினைச்சீங்க?"

திருட்டு முழி என்று நினைத்தவர், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மனைவியிடம் அன்றைக்கே சொன்னார். அவள் வழக்கம்போல் கிண்டலடிப்பாள் என்று எதிர்பார்த்தார், திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து போய் மாடி அறையின் மாற்றுச் சாவியை எடுத்துக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டு வந்தாள். தம்பி மனைவி வருகிறேன் என்று சொல்லிவிட்டாள், ஆனால் அந்த வீட்டுக்கு இல்லை. சாவி வேறு ஒருவர் கையில் இருக்கிற வீட்டில் குடும்பம் நடத்த முடியாது என்றாளாம். பஸ் டிப்போ பக்கம் தையல்காரர் ஒரு சின்ன வீடு பார்த்துக் கொடுத்தார்.

பூதக்கண்ணாடி கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். வெட்கம்தான், வேறொன்றுமில்லை. கடவுள் விஷயத்தில் அவர் கருத்து இம்மியும் மாறவில்லை. அந்தக் கூடத்தில் இருந்தவர்களின் லாபம் என்ன என்ற கேள்விக்கும் அவருக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. தையல்காரரை வழியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு எதிர்ப்பக்கம் கடந்துவிடுவார்.

தம்பி சாமான்களை ஏற்ற வந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. ஏணி, பெயிண்ட் டப்பாக்கள், பாய், குழந்தையின் சின்ன நாற்காலி என்று ஒவ்வொன்றாகக் கீழே வந்து வண்டியில் ஏறியது. அண்ணன் கை கொடுத்தார், தம்பி வேண்டாமென்று சொல்லவில்லை. அண்ணியிடம் சிரித்துப் பேசினான். எல்லாம் ஏற்றி முடித்து வண்டிக்காரர் கயிறு கட்டும்போது, அண்ணனிடம் வந்து நின்றான்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்கண்ணா. நான் மன்னிச்சுட்டேன்."

பூதக்கண்ணாடிக்கு அது போதவில்லை. இவ்வளவு சீக்கிரத்தில் யாராவது மன்னிப்பார்களா? அங்கே சொல்லிக்கொடுத்துச் சொல்கிறானா? ஊருக்கு முன்னால் நல்ல பெயர் வாங்கவா? இல்லை, சீக்கிரம் கிளம்பினால் போதும் என்றா? கேட்கக்கூடாது என்று நினைத்தார், கேட்டும்விட்டார்.

"நிஜமாவாடா?"

தம்பி நெற்றியில் வழிந்த மழைத் தண்ணீரை வழித்துவிட்டான். "அதை எப்படிண்ணா நிரூபிக்கிறது? நீங்க நம்பினாத்தான் உண்டு."

பூதக்கண்ணாடி அவன் முகத்தை நெற்றியிலிருந்து மோவாய் வரை பார்த்தார். அதில் சந்தோஷமும் இருந்தது, களைப்பும் இருந்தது, மன்னிப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை. வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். போகிறவனை அனுப்பிவைக்க அவருக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"நம்பறேன்டா" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து யாரும் கேட்டதில்லை. தம்பி உடனே நகரவில்லை. அண்ணனின் கண்ணை, வாயை, மறுபடி கண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டான்.